எட்டு ஆழாக்கு மண்டை

சீமையில் படித்துவந்த டாக்டர் சபேசன், மண்டையோட்டில் கடுகை நிரப்பி மனிதரின் அறிவை அளப்பவர். "கூலிக்காரர் மண்டையில் கடுகு குறைவாகத்தான் பிடிக்கும். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வீண், மூடிவிடலாம்" என்று நகரசபையில் அடித்துச் சொன்னார்.

கடுகு கொண்டுவந்த சந்தைக்காரி காசியம்மா நகரவில்லை. அவள் மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். "எல்லார் கண்ணு முன்னாலயும் அளந்து காட்டுங்க சாமி. மண்டையை நான் எடுத்தாரேன்" என்றாள்.

டாக்டரின் மண்டையோடுகள் இருந்த உள்ளறையிலிருந்து, பிடரித் துளை மட்டும் தெரியப் பச்சைப் பட்டு சுற்றிய மண்டையோட்டைக் கொண்டுவந்தாள். "இது ஜமீன்தாரோடது." டாக்டர் கடுகைக் கொட்டினார், குலுக்கினார், தட்டினார், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். எட்டு ஆழாக்கு பிடித்தது.

காசியம்மா கடுகை வெளியே கொட்டிவிட்டு மண்டையோட்டை உள்ளே கொண்டுபோனாள். சாக்குத்துணி சுற்றிய மண்டையோட்டோடு திரும்பினாள். "இது மூட்டை தூக்கினவனோடது." டாக்டர் சும்மா கொட்டினார். ஏழாவது ஆழாக்கிலேயே வழிந்தது.

"பார்த்தீர்களா!" என்றார் டாக்டர்.

காசியம்மா சாக்கை உருவினாள். அடியில் அதே பச்சைப் பட்டு.

நகரசபைத் தலைவர் பள்ளியை மூடும் தீர்மானத் தாளைக் கிழித்துப் போட்டார்.

"பிடிக்காத ஆளுக்குச் சந்தையில நானும் இப்படித்தான் சாமி அளப்பேன்" என்றாள் காசியம்மா. "ஆனா அதுக்கு சாஸ்திரம்னு பேர் வச்சதில்லை."