ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். அங்கே சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு வாசிப்பறை இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகள் காலையில் வருவார்கள். பாய் விரித்திருக்கும். படப் புத்தகங்கள் இருக்கும். வேறொன்றும் இருக்காது. அதை நடத்தியவர் ஜெமிலா. ஊருக்கே அவர் டீச்சர்.

பாக்கியநாதன் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர் பாக்கியநாதன்.

"எனக்குக் குரல் இருக்கு டீச்சர். இதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"உட்காருங்க ஐயா."

அவர் நாற்காலியைத் தேடினார்.

"பாய்ல உட்காருங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அங்கிருந்து அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டுப் புத்தகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கீழ்த்தட்டு மட்டும்தான் தெரிந்தது.  அன்று மத்தியானமே பாக்கியநாதன் மேல்தட்டைக் காலி செய்து, புத்தகங்களை எல்லாம் சுவரோரமாகத் தரையில் அடுக்கினார்.

அப்படித்தான் அவருடைய பாடம் தொடங்கியது.

அப்போது கத்திரி வெயில். பிள்ளைகள் நெற்றி வியர்க்க வந்து விழுந்தார்கள்.

"இந்த வெயிலுக்கு எந்தப் புத்தகம் எடுக்கட்டும் டீச்சர்?"

"நீங்களே எடுங்க."

மாம்பழமும் நுங்கும் வரைந்திருந்த புத்தகம் ஒன்றை எடுத்தார். பருவத்துக்குப் பொருத்தம் என்று அவருக்கே திருப்தி. கணீரென்று படித்தார். ரயில் வரப் போகிறதோ என்று ஒரு பிள்ளை வாசலைப் பார்த்தது. மற்றவை பாயில் புரண்டன.

டீச்சர் சுவரோரம் போய் வேறொரு புத்தகத்தை எடுத்துவந்தார். பனி கொட்டும் ஏதோ ஒரு தூர தேசம். மரம், கூரை, நாய்க்குட்டியின் முதுகு, எல்லாம் வெள்ளை.

"அது நம்ம ஊருக்கு ஆகாதுன்னு தனியா ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றார் பாக்கியநாதன்.

டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். அறை இருண்டது. தாழ்ந்த குரலில் படித்தார். புரண்டுகொண்டிருந்த பிள்ளைகள் நெருங்கி வந்தன. ஒன்று தோளைக் குறுக்கிக்கொண்டது. வர்ணிகா என்ற சிறுமி, மீனவர் தெருப் பிள்ளை, நாக்கை நீட்டிப் படத்தின் மேலேயே வைத்துவிட்டாள்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றாள்.

எல்லோரும் வரிசையாக வந்து நக்கிப் பார்த்தார்கள். பாக்கியநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"புரிஞ்சுபோச்சு டீச்சர். வெயிலுக்குக் குளிர். குளிருக்கு வெயில். அதானே கணக்கு?"

டீச்சர் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

ஐப்பசி வந்தது. ஒரு காலை, வானம் உடைந்ததுபோல மழை. பாக்கியநாதன் தயாராக இருந்தார். பாலைவனத்தில் ஒட்டகம் போகும் புத்தகத்தை எடுத்தார். பக்கமெல்லாம் மஞ்சள் வெயில். அவர் குரலும் இப்போது பதமாகியிருந்தது.

ஆனால் ஒரு பிள்ளையும் ஒட்டகத்தைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

டீச்சர் வந்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார். தவளையும் குடையும் வரும் புத்தகத்தை அங்கேயே நின்றுகொண்டு படித்தார். பிள்ளைகள் ஒரு கையை மழையில் நீட்டி, மறு கையால் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வர்ணிகாவின் கைதான் எல்லோருக்கும் முன்னால் நீண்டிருந்தது.

பிள்ளைகள் போனபின் பாக்கியநாதன் ஒட்டகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு ஒரு மாதிரி செஞ்சீங்க. இன்னைக்கு வேற மாதிரி. எதை நான் பிடிச்சுக்கறது?"

"அன்னைக்கு நான் ஜன்னலைச் சாத்தினப்ப யாராச்சும் அழுதாங்களா?"

"இல்ல."

"இன்னைக்குச் சாத்தியிருந்தா?"

அவர் யோசித்தார். பிறகு எழுந்து போய், ஒட்டகத்தை அதன் இடத்தில் வைத்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது.

வாசிப்பறையின் ஓடுகள் பறந்தன. தரையில் அடுக்கியிருந்த புத்தகங்கள் நனைந்து ஊறிப்போயின. மேல்தட்டில் இருந்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். பாக்கியநாதன் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"நான்தானே இறக்கி வச்சேன்."

"இத்தனை மாசம் அதெல்லாம் பிள்ளைங்க கைல இருந்துச்சே ஐயா" என்றார் டீச்சர். "வாங்க, காய வைப்போம்."

வேப்பமர நிழலில் பாய்களை விரித்து, புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார்கள். வழவழப்பான தாள்கள். நனைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாக்கியநாதன் ஒன்றைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தார். பாதி யானை உரிந்து வந்துவிட்டது.

"ஒட்டின பக்கத்தை இழுக்காதீங்க ஐயா. படம் கையோட வந்துரும்."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வர்ணிகாவை அவள் அம்மா கொண்டுவந்து விட்டாள். பிள்ளை அம்மாவின் முந்தானையை விடவில்லை. விட்டபிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

பாக்கியநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்க வைக்கும் குரங்குப் புத்தகத்தைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை. அமைதியான நிலாப் புத்தகத்தைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் புத்தகம் காட்டினார். மழைப் புத்தகத்தை மட்டும் பின்னால் ஒளித்து வைத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு எதை எடுக்கறது டீச்சர்? நீங்களே சொல்லுங்க. நான் தப்பா எடுத்துத் தொலைச்சா அவளுக்கு இன்னும் ஆகாமப் போயிருமோன்னு பயமா இருக்கு."

"அவளையே கேளுங்க."

"பேசவே மாட்டேங்கறாளே!"

டீச்சர் வர்ணிகாவின் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனார். புத்தகங்கள் இன்னும் திறந்தபடி காய்ந்துகொண்டிருந்தன. அங்கே பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பாக்கியநாதன் பின்னாலேயே போகப் பார்த்தார். டீச்சர் கண்ணாலேயே தடுத்தார்.

வர்ணிகா புத்தகங்களுக்கு நடுவே நின்றாள். காற்று பக்கங்களைப் புரட்டியது. மெல்ல நடந்தாள். குரங்கைத் தாண்டினாள். நிலாவைத் தாண்டினாள். ஓரத்தில் இருந்த ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

பூனைப் புத்தகம் அது. தாய்ப்பூனை குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வீடு வீடாக மாறும் கதை. முதலில் வைக்கோல் போர். பிறகு ஒரு வீட்டுப் பரண். பிறகு கடைக்காரர் வைத்த சாக்குமூட்டை இடுக்கு. அதன் கடைசிப் பக்கங்கள் மூன்றும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

பாக்கியநாதன் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். படித்தார். ஒட்டிய இடம் வந்ததும் நிறுத்தினார். வர்ணிகா புத்தகத்தை மூடி, திரும்ப முதல் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

மார்கழி முழுக்க அதே புத்தகம். மற்ற பிள்ளைகளுக்கு டீச்சர் கோலப் புத்தகமும் பறவைப் புத்தகமும் படித்தார். தை பிறந்தது. கரும்பும் மாடும் வந்தன. வர்ணிகாவுக்குப் பூனைதான்.

"காலம் போய்க்கிட்டே இருக்கு டீச்சர். இவ அந்தப் பூனையை விட்டு நகர மாட்டேங்கறா. எனக்குக் கண்ணை மூடிக்கிட்டே சொல்ல வருது."

"சலிப்பா இருக்கா?"

"சலிப்பு இல்ல. நான் அவளுக்கு ஒண்ணும் செய்யலியோன்னு இருக்கு. நாகப்பட்டினம் போய் வேற பிரதி தேடி வாங்கிட்டு வரட்டுமா? முடிவாவது தெரியுமே."

"அவ கேட்டாளா?"

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஒட்டிய பக்கம் வந்ததும், தானாகவே ஒரு முடிவைச் சேர்த்தார்.

"கடைசியில அந்தப் பூனை ஒரு பெரிய மாடி வீட்டுக்குப் போச்சாம். அங்கே தினமும் பால்சோறாம்."

வர்ணிகா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

பாக்கியநாதன் எழுந்து ஓடினார். முழங்கால் வலி நினைவில்லை.

"பேசிட்டா டீச்சர்! பிள்ளை பேசிட்டா!"

"என்ன சொன்னா?"

"இல்லைன்னு சொன்னா!"

டீச்சர் முகம் முழுக்கச் சிரித்தார். "நல்ல வார்த்தை."

அன்று பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் பாக்கியநாதனே ஓடிப்போய்ச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் செங்கமலம். கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வீட்லயும் பேசறதில்லங்க ஐயா. வீடுன்னா எது வீடு? புயல்ல ஓடெல்லாம் பறந்துபோயி, அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல கிடந்தோம். அப்புறம் என் அண்ணன் வீடு. அங்க இடம் பத்தல. மார்க்கெட்டுப் பக்கம் ஒரு ரூம்பு. இப்ப வலை வைக்கற கொட்டாய்ல இருக்கோம். ஒவ்வொரு வாட்டியும் இவளத் தூக்கிக்கிட்டு நடக்கறேன். இறக்கி விட்டா எந்த இடம்னு சுத்திச் சுத்திப் பார்க்கும்."

 செங்கமலம் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். தெரு திரும்பும்வரை பாக்கியநாதன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து பூனைப் புத்தகத்தை எடுத்து, அதன் அட்டையைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார்.

மறுநாளிலிருந்து அவர் படிப்பது மாறியது. சொற்கள் அதேதான். ஆனால் பூனை குட்டியைக் கவ்வும் ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்றார். குட்டி வாயில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்வதுபோல நகர்ந்தார். வர்ணிகா அவர் தொடைமேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் அவர் எதையும் சேர்க்கவில்லை. 

மாசி போனது. பங்குனியில் ஒருநாள் வர்ணிகா அம்மாவுக்கு முன்னால் ஓடி வந்தாள். தலையில் கனகாம்பரம். நேராகப் பூனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

படித்தார். வைக்கோல் போர். பரண். சாக்குமூட்டை. ஒட்டிய பக்கம் வந்தது.

அவள் தன் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"இங்க பழைய வீடுதான் இருக்கு, தாத்தா. பூனை திரும்பி வந்துருச்சு. ஓடு மட்டும் புதுசு."

பாக்கியநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காலமெல்லாம் கணீரென்று ஒலித்த குரல் வரவே இல்லை.

"குட்டிக்கு அந்த வீடு பிடிச்சிருந்துச்சா?" என்று டீச்சர்தான் கேட்டார்.

"ம். குட்டி தூங்கிருச்சு."

செங்கமலம் வாசலில் நின்றிருந்தாள். கையில் மூடிய தூக்குவாளி.

"நேத்துப் பால் காய்ச்சினோம் டீச்சர். கொஞ்சம் பாயசம் கொண்டாந்தேன். ஐயாவும் நீங்களும் ஒருநாள் வீட்டுக்கு வரணும். ராத்திரி பூரா இவதான் பேசினா. எங்களப் பேச விடல."

எல்லாப் பிள்ளைகளுக்கும் பாயசம் கிடைத்தது. வர்ணிகா தன் பங்கைக் குடித்துவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டுப் பக்கம் போனாள். இரண்டு மூன்று புத்தகங்களைப் புரட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு பாயில் போய்ப் படுத்தாள். அது என்ன புத்தகம் என்று பாக்கியநாதன் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். பாயசம் ஆறிப்போயிருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

"அவளுக்கு நல்ல புத்தகமாத் தேடிக் குடுக்கணும்னு தவிச்சேன். கடைசியில அவதான் எனக்கு எடுத்துக் குடுத்திருக்கா." கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "இந்த வயசுல எனக்கு இது கிடைச்சிருக்கே. நெஞ்சு நிறைஞ்சு கிடக்கு. இதுக்கு யாருக்கு நன்றி சொல்றதுன்னுதான் தெரியல. அவளுக்கா? உங்களுக்கா? இல்ல, அந்தப் பூனைக்கா?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல ஒரு புதுப் பிள்ளை நிக்குது ஐயா. செருப்பைக் கழட்டத் தெரியல அதுக்கு."