மரியாதை கேட்ட கார்

கீழப்பூங்குளம் சேர்மன் அம்பலவாணனின் பழைய காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு திடீரென்று எரியும், திடீரென்று அணையும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எரியாது. சேர்மன் முன்சீட்டில் ஏறி ஊருக்குள் போனால் எரியும்.

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இதைச் சரி பண்ணலேன்னா, வேலையை விட்டுக் கிளம்பிடு” என்றார் டிரைவர் சேவுகனிடம்.

“பண்ணிடலாங்கய்யா. சந்தைப் பக்கம் ஒரு சுத்துப் போவோம். ஆனா நீங்க ஜனங்களை ரெண்டு கையாலயும் கும்பிடணும்.”

“நான் கும்பிடறதுக்கும் பிரேக்குக்கும் என்னடா சம்பந்தம்?”

“வண்டிக்கு வயசாயிடுச்சுங்கய்யா. மரியாதை எதிர்பார்க்குது.”

தேர்தல் நெருங்கிய நேரம். சந்தையில் நல்ல கூட்டம். சேர்மன் இரு கைகளையும் கூப்பியபடியே வந்தார். பூக்கடை தாண்டியது, கறிக்கடை தாண்டியது, விளக்கு எரியவே இல்லை.

“எப்படிடா?” என்றார், கூட்டத்துக்கான சிரிப்பைக் கலைக்காமல்.

“வழக்கமா நீங்க ஜன்னலுக்கு வெளியே எக்கி இடது கையை ஆட்டுவீங்க. விழாம இருக்க வலது கையால ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சுத் தொங்குவீங்க. அது கொஞ்சம் மேல வந்தாலே விளக்கு எரியுமுங்க.”

சேர்மனின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

“தெரிஞ்சும் ஏண்டா இத்தனை நாளா சொல்லலே?”

“சொன்னா அறைவீங்கன்னுதான். இப்போ ரெண்டு கையும் கூப்பியிருக்கு, ஊரே பார்த்துக்கிட்டிருக்கு. அதான் தைரியமா சொல்லிட்டேனுங்கய்யா.”