இடது காதில் ஆஸ்வால்ட்

பெரம்பூரில் யூனிஸ் மிஸ்ஸிடம் கிட்டார் கற்றவர்கள் நிறைய. அவரிடம் கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம். கேட்டால் பதில் நேராக வராது. பாதிப் பேருக்கு அதற்குப் பொறுமை இல்லை.

மிஸ் ஒரு காலத்தில் நார்த் யார்டு என்ற ராக் பேண்டில் கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டார் வாசித்தவர். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், கலைந்துவிட்டார்கள். இருந்தாலும் அந்த ஏரியாவில் கிட்டாரைத் தொடுகிற எவனும் அந்த ஆல்பத்தில்தான் வந்து விழுவான். அதில் கிட்டார் வாசித்தவர்கள் இரண்டு பேர். ஆஸ்வால்ட், டெரிக். இவர்களில் யார் பெரியவர் என்று டீக்கடையில் சண்டை நடக்கும். பேஸ் வாசித்தது யார் என்று எவனும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மிஸ்ஸின் சீடன் கபிலன் வந்தான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மிஸ், நீங்கதான் சொல்லணும். ஆஸ்வால்ட் பெரியவரா, டெரிக் பெரியவரா?"

மிஸ் ஒரு கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"இர்ஃபான் எங்க பேண்டை விட்டுப் போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை நார்த் யார்டு நினைவாக ஒரு நிகழ்ச்சி. கபிலனும் இர்ஃபானும் அந்த ஆல்பத்தை முழுசாக மேடையில் வாசிப்பதாக இருந்தது. ஒருவனுக்கு ஆஸ்வால்ட் வாசித்த பகுதி, இன்னொருவனுக்கு டெரிக் வாசித்தது. ஆஸ்வால்டை கபிலன் எடுத்துக்கொண்டான். கேட்டு எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டான்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"உண்மையைச் சொன்னேன்."

"என்ன உண்மை?"

"டெரிக் பார்ட்டை யார் வேணா வாசிக்கலாம், வெங்காயம் வெட்டத் தெரிஞ்சா போதும்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"'அப்போ உங்க வீட்ல வெங்காயம் வெட்டுறவங்களைக் கூட்டிட்டுப் போய் நிக்க வை'ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டான். அப்புறம் எடுக்கவே இல்ல."

மிஸ் பழைய கம்பியைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். உதடு மட்டும் கொஞ்சம் கோணியது.

"அவன் இல்லன்னா ஷோ இல்ல மிஸ். ஸ்கூல் முடிச்சதுலேர்ந்து ரெண்டு பேரும் இதுக்காகத்தான் வாசிக்கிறோம். நீங்க சொன்னா கேப்பான். ஆஸ்வால்ட்தான் பெரியவர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சொன்னா?"

"வாயை மூடிட்டு டெரிக் பார்ட்டை வாசிப்பான்."

கபிலனின் கையில் ஆஸ்வால்ட் என்று தமிழில் பச்சை குத்தியிருந்தது. கடைசிப் புள்ளி மட்டும் சீழ் பிடித்து ஆறி, பெரிதாகிப் போயிருந்தது. மிஸ் அதைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் எப்படி வாசிப்பாங்க, சொல்லு."

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் மாதிரி கபிலன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆஸ்வால்ட் ஒரு நோட்டைப் புடிச்சா விடமாட்டார் மிஸ். கம்பியை இழுத்துட்டே போவார். தும்மல் வர்ற மாதிரி இருக்கும், வராது. இன்னும் வராது. நாம மூச்சை அடக்கிட்டு நிப்போம். அப்புறம் வரும் பாருங்க, உடம்பே தூக்கிப் போடும்."

"டெரிக்?"

"அவரா? டக்கு டக்குன்னு வெட்டுவார். அடிச்ச உடனே கையை வெச்சு சத்தத்தை அமுக்கிடுவார். கிட்டார் கழுத்துல மேல ஏறவே மாட்டார். விரல்ல அதே நாலு பிடி, அதே இடம். வாட்ச்மேன் வேலை மிஸ் அது."

"எது யாருன்னு எப்படித் தெரியும்?"

"ஆல்பம் அட்டையிலயே போட்டிருக்கே. இடது ஆஸ்வால்ட், வலது டெரிக். ஹெட்போன் போட்டா தெளிவாத் தெரியும். இடது காதுல இழுப்பு, வலது காதுல வெட்டு."

மிஸ் எழுந்து போய் ஸ்டீரியோவைப் போட்டார். அறையின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரு."

பாட்டு ஆரம்பித்தது. கபிலன் கண்ணை மூடினான். உடனே திறந்தான்.

"மிஸ், உங்க ஸ்பீக்கர் ஒயர் மாறியிருக்கு. இழுப்பு வலது பக்கம் வருது."

"அப்படியா?"

"நான் வேணா மாத்திக் குடுக்கட்டா?"

"ரெகார்டிங் அன்னிக்கு நான் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னேன் மேன். அந்த இழுப்பு பூரா இந்தக் காதுலதான் வாங்கினேன்." மிஸ் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "அந்தப் பக்கம் நின்னது டெரிக்."

கபிலன் பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்தான். இடது, வலது என்ற எழுத்து எப்போதோ தேய்ந்து போயிருந்தது. ஒயரில் ஒரு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒயர் அறுந்து போச்சு மிஸ். நானேதான் பத்த வெச்சேன். சரியா வருதான்னு பாக்க இந்தப் பாட்டைப் போட்டேன். அன்னிக்குத்தான் முதல்முதல்ல நார்த் யார்டு கேட்டேன். ரெண்டு காதுலயும் சத்தம் வந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்."

"இர்ஃபான் எதுல கேட்டான்?"

"போன் ஸ்பீக்கர்ல. அதுல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். எது யாருன்னு அவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பாட்டு முடிந்தது. மிஸ் அதைத் திரும்ப ஓடவிடவில்லை.

கபிலன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டான்.

"இதை அழிக்கலாமா மிஸ்?"

"அழிக்கலாம். குத்தினப்பவிட வலிக்கும்."

ஹெட்போனைப் பைக்குள் திணித்தான். அவனால் சும்மா இருக்க முடியாது.

"சரி மிஸ். அப்போ டெரிக்தான் பெரியவர். ஆஸ்வால்ட்தான் வெங்காயம்."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"நான் கேட்டது மாறலையே. பேருதானே மாறிச்சு. இழுப்பு இழுப்புதான், வெட்டு வெட்டுதான்."

இது நியாயமான பேச்சு. மிஸ்ஸும் மறுக்கவில்லை. ஸ்டீரியோவில் ஒரு குமிழைப் பிடித்து வலது பக்கம் கடைசி வரை திருப்பினார். இனி இடது ஸ்பீக்கரில் சத்தம் வராது. அதே பாட்டை மறுபடி போட்டார்.

இப்போது டெரிக் மட்டும். அந்த நீளமான நோட்டு வரும் இடம் வந்தது. கபிலன் மூச்சை அடக்கினான். கம்பி இழுபட்டது. இன்னும் இழுபட்டது. கபிலன் முன்னால் சாய்ந்தான். நோட்டு அப்படியே தேய்ந்து முடிந்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"தும்மல் வரல மிஸ்."

"ம்."

"யாரோ தெருவுல நின்னு யாரையோ கூப்பிட்டுட்டே இருக்கிற மாதிரி இருக்கு. கதவைத் திறக்க ஆளில்ல."

மிஸ் குமிழை இடது பக்கம் கடைசி வரை திருப்பினார். பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். டக்கு டக்கு என்று ஆஸ்வால்ட் வெட்டிக்கொண்டே போனார். அந்த இடம் வந்ததும் வெட்டு நின்றது. ஸ்பீக்கரில் கிட்டாரே இல்லை. கபிலன் கெட்டுப் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தான். அப்போது ஒரே ஒரு அடி விழுந்தது. அவன் உடம்பு தூக்கிப் போட்டது.

மிஸ் ஸ்டீரியோவை அணைத்துவிட்டுப் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு கம்பி பாக்கி.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? எந்தப் பக்கம் திருப்பினாலும் அடியில ஏதோ ஒண்ணு போயிட்டே இருந்துச்சு. அது என்ன?"

மிஸ் அவனை நிதானமாகப் பார்த்தார்.

"அது நான்தான் மேன்."

கபிலன் தலையைச் சொறிந்தான். "சாரி மிஸ்."

"பரவால்ல. யாரும் கேட்டதில்ல."

"மேடையில அவங்க எந்தெந்தப் பக்கம் நிப்பாங்க? அட்டையில போட்ட மாதிரியேவா?"

"அட்டையில போட்டது ரெகார்டிங் பண்ண அந்த ஒரு நாளுக்கு. டெரிக் எப்பவும் சீக்கிரமே வந்துடுவான். தோணின இடத்துல தன் ஸ்பீக்கர் பெட்டியை வெப்பான். ஆஸ்வால்ட் லேட்டா வந்து ஒரு பார்வை பார்ப்பான். எதுவும் பேசமாட்டான். எதிர்ப்பக்கம் போய்த் தன்னோடதை வெப்பான்."

"யார் பெரியவங்கன்னு சண்டையே வராதா?"

"வருமே. பிரியாணியில லெக் பீஸ் யாருக்குன்னு."

கபிலன் சிரிக்கவில்லை. போனை எடுத்தான். இர்ஃபான் பெயர் வரை போனான். திரும்பப் பைக்குள் வைத்தான்.

"அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒயரை மாத்திப் பத்த வெச்சேன்னு சொல்லு."

"சிரிப்பான் மிஸ். ஏரியா பூரா சொல்லிச் சிரிப்பான். கையைக் காட்டுன்னு கேப்பான்."

"காட்டு."

கபிலன் எழுந்தான். செருப்பை மாட்டினான். வாசல் வரை போனவன் நின்றான்.

"சரி, அவன் வந்துட்டான்னே வெச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை நான் எந்தப் பக்கம் நிக்கணும்? இடதா, வலதா? இதையாவது நேரா சொல்லுங்க மிஸ்."

மிஸ் கடைசிக் கம்பியை முறுக்கினார். தட்டிப் பார்த்தார். மீந்து நின்ற நுனியைக் கட்டரால் நறுக்கினார்.

"இர்ஃபான் நிக்காத பக்கம்."