யானைக்கு இருநூறு சாக்ஸ்

புளியமரக் கிளையில் சிலந்தி செண்பகம் சாக்ஸ் கடை வைத்திருந்தாள். போனில் ஆர்டர், கார்டில் பணம். சின்னக் கடைதான், ஆனால் நன்றாக ஓடியது.

ஒருநாள் காலையில் போன் வந்தது. "யானை மலையப்பன் பேசுறேன். இருநூறு சாக்ஸ் வேணும்."

குரல் கீச்சென்று இருந்தது. தும்பிக்கையில் சளியாம். விலையே கேட்கவில்லை. கார்டு நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தது. கடுகு நுழைகிற அளவு போதுமாம். சாயங்காலத்துக்குள் ஓடைக்கரையில் கிடக்கும் மரக்கட்டைக்கு அடியில் வைத்துவிட வேண்டுமாம்.

நம்பரைப் போட்டதும் பணம் வந்துவிட்டது. செண்பகத்துக்கு எட்டுக் காலும் தரையில் பாவவில்லை.

பக்கத்துப் பொந்தில் ஒரு பல்லி இருந்தது. அது சைவத்துக்கு மாறி மூன்று மாதம் ஆகியிருந்ததால் இருவரும் சுமுகம். பல்லி "இச் இச்" என்றது. ஆகா, நல்ல சகுனம் என்று தரையை மூன்று தட்டுத் தட்டிவிட்டு நெய்ய உட்கார்ந்தாள்.

நூறு சாக்ஸில் நூல் தீர்ந்தது. அந்த அசடு என்ன செய்தது தெரியுமா? தன் வலையையே பிரித்துவிட்டது! ஈ விழுகிற வலை, தினம் சோறு போடுகிற வலை. பல்லி மறுபடியும் "இச் இச்" என்றது. இவள் இன்னும் வேகமாக நெய்தாள்.

மூட்டையைத் தூக்கும்போது பல்லி வந்து வாசலை மறித்துப் படுத்துக்கொண்டது.

"தங்கச்சி, நான் சகுனம் சொல்லல. சந்தேகம் கேட்டேன். யானைக்கு எத்தனை கால்?"

"நாலு அண்ணே."

"அப்புறம் இருநூறு சாக்ஸ் எதுக்கு?"

"தினம் மாத்துவார் போல."

"இது அவரோட இமை முடிக்கே பத்தாதேம்மா."

செண்பகம் மூட்டையைக் கீழே வைத்தாள். ஆர்டர் வந்த நம்பரை விட்டுவிட்டு, நாலு இடத்தில் விசாரித்து யானையின் நிஜ நம்பரைப் பிடித்தாள். பாவம், யானை குளிக்கப் போன இடத்தில் கார்டைத் தொலைத்துவிட்டு ரெண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. சாக்ஸே போட்டதில்லையாம். சரக்கு மட்டும் போயிருந்தால், யானை புகார் சொன்னதும் பாங்க் பணத்தைச் செண்பகத்திடமிருந்து பிடுங்கி யானைக்கே கொடுத்திருக்கும், செண்பகம் வலையும் இல்லாமல் பட்டினி கிடந்திருப்பாள்.

பணத்தை அப்போதே திருப்பினாள். பிறகு அவளும் யானையும் ஓடைக்கரைக்குப் போனார்கள். யானை கட்டையைப் புரட்டியது. அடியில் ஒரு மரவட்டை, இருநூறு காலையும் கழுவித் துடைத்துத் தயாராகக் காத்திருந்தது. பக்கத்திலேயே கார்டு.

"யாரு நீ?" என்றது யானை.

"யானை மலையப்பன்," என்றது மரவட்டை, நிமிர்ந்து பார்க்காமலே. பிறகுதான் நிமிர்ந்தது. அப்படியே சுருண்டுகொண்டது.

செண்பகம் இருநூறு சாக்ஸையும் பிரித்துத் திரும்ப வலை பின்னினாள். இப்போதெல்லாம் பல்லி "இச்" என்றால் தரையைத் தட்டுவதில்லை. "என்ன அண்ணே சந்தேகம்?" என்று கேட்கிறாள்.

நீதி: பெரிய ஆர்டர் வந்தால், கார்டு யாருடையது, சரக்கு யாருக்கு என்று விசாரித்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படு.