சக்கரம் முட்டி நின்ற இடம்

“நெருப்பு இருக்குது. தண்ணி கொதிக்குது. ஆவியும் சீறிக்கிட்டு வருது. சக்கரம் மட்டும் அசைய மாட்டேங்குது, வீட்டுல பல்பு எரியலை, அம்மிணி.”

நெல் அவிக்கும் மில்லின் வாசலில், வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு நின்று நாச்சிமுத்து இதைச் சொன்னார்.

செங்கமலம் பாய்லர் அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அவளுக்கு அந்த பாய்லரோடும் அதன் ஆவியில் ஓடும் என்ஜினோடும்தான் பிழைப்பு. சீடராகச் சேர வந்தவரைவிடப் பதினாறு வயது இளையவள். தட்டை வாங்காமல் பழத்தை மட்டும் எடுத்து உரித்தாள்.

“ஏனுங்கண்ணா, முப்பது வருசம் கரண்டுக் கம்பம் ஏறினவரு நீங்க. உங்க வீட்டுக்கே வெளிச்சம் இல்லீங்களா?”

“வீடு மலை மேல. அங்கே கம்பம் இல்லை.”

“வெளிச்சம் யாருக்கு?”

நாச்சிமுத்து தட்டைப் பார்த்தார்.

“வீட்டுக்காரிக்கு.”

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற கையோடு மனிதர் டவுன் வீட்டை விற்று, மலையில் மிளகுத் தோட்டம் வாங்கினார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரம் முடிந்த அன்று மரகதம் பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறப்பதில்லை. அவள் பேசட்டும் என்று இவரும் வாயைக் கட்டிக்கொண்டார். எட்டு மாதம் ஓடிவிட்டது.

இருட்டுதான் காரணம் என்று கம்பம் ஏறிய மூளைக்குப் பட்டது. அடிபம்பு உருளை, ஆயில் என்ஜின் சக்கரம், பழைய காரின் டைனமோ எல்லாம் சேர்த்து நீராவி என்ஜின் ஒன்றைப் பூட்டினார். பல்பு எரிந்துவிட்டால் அவள் பேசிவிடுவாள் என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ஜீப் கொண்டு வருகிறான், அக்காவை ஒரேயடியாகக் கூட்டிப்போக.

“சனிக்கிழமை வர்றேன்” என்றாள் செங்கமலம். பழம் தின்று முடிந்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மலை பனியில் மூழ்கிக் கிடந்தது. என்ஜின் ஆவி பனியில் கலந்து, எது ஆவி எது பனி என்று தெரியவில்லை. தோட்டமே மெல்லக் கொதித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. மிளகுக் கொடிகள் வருவதும் மறைவதுமாக இருந்தன. இந்த வெண்மைக்குள் நடந்துகொண்டே இருந்தால் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு நாளுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு நினைவு வந்து, இன்னொரு கட்டை விறகை அடுப்பில் திணித்தார்.

“எத்தனை விறகு வச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே செங்கமலம் பனிக்குள்ளிருந்து வந்தாள்.

“காலையிலிருந்து வச்சுக்கிட்டே இருக்கேன்.”

“வெளிய இழுங்க.”

“இன்னும் கொஞ்சம் தள்ளினா சுத்திரும், அம்மிணி.”

“இன்னும் கொஞ்சம் தள்ளினா வீடு இருக்காது. இழுங்கண்ணா.”

இழுத்தார். அழுத்தம் தணியும்வரை செங்கமலம் காத்திருந்தாள். ஆவிக் குழாயின் திருகை மூடினாள். சக்கரத்தில் கை வைத்து ஒரு சாண் நகர்த்தினாள். திருகைத் திறந்தாள்.

சக்கரம் சுற்றியது.

முதலில் சோம்பலாக, பிறகு தானாகவே. வாசலில் கட்டியிருந்த பல்பு பனிக்குள் மஞ்சளாக எரிந்தது.

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. “அத்தனை ஆவிக்கு அசையலையே!”

“தண்டும் சக்கரமும் ஒரே நேராப் போய் முட்டி நிக்குதுங்க. அந்த இடத்துல எவ்வளவு தள்ளினாலும் அச்சு மேலதான் மோதும். கையால கொஞ்சம் நகர்த்தி விடணும். அப்புறம் அதுவே போயிரும்.”

“மில்லுல யாரு நகர்த்துவாங்க?”

“பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்க.”

அவள் கைச்சாம்பலைத் தட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள். நாலடி தள்ளிப் போனதும் பனி அவளை மூடிக்கொண்டது.

மரகதம் வாசலுக்கு வந்து பல்பைப் பார்த்தாள். உள்ளே போய் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். கம்பத்தின் உச்சியில்கூட அவருக்கு இத்தனை பயம் வந்ததில்லை.

“மரகதம்.”

முறம் நின்றது.

“உன்னைக் கேக்காம வித்தது தப்பு.”

அரிசியின் மேல் அவள் கை அப்படியே இருந்தது. வெளியே என்ஜின் தடதடத்தது.

“மொதல்ல அந்த லைட்டை அணைங்க” என்றாள். “கண்ணு கூசுது.”

அணைத்தார். இருட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு உன் தம்பி வர்றானே, என்ன சொல்ல?”

“சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க.”