யாரைக் கேட்டுத் தொடுவது?

முன்னொரு காலத்தில், அரசர் தோற்றால் குடிமக்களுக்குச் சோறு இறங்காத நாடு ஒன்று இருந்தது. போரில் தோற்பதைச் சொல்லவில்லை. அங்கே போர் நடந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. சடுகுடுவில் தோற்பதைச் சொல்கிறேன்.

தை பிறந்தால் ஆற்றுக்கு அக்கரை நாட்டோடு போட்டி. தோற்ற நாட்டின் அரசர், வென்ற அணியின் ஒவ்வோர் ஆளுக்கும் தம் கையாலேயே வெற்றிலைத் தட்டு நீட்ட வேண்டும் என்பது வழக்கம். போன தையில் தட்டு நீட்டியவர் நம் அரசர் உத்தமசீலர்தான். அக்கரைக்காரன் ஒருவன் "பாக்குப் போதாது" என்று வேறு சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அரசர் பாக்கையே தொடுவதில்லை.

ஊரிலும் வேறு பேச்சில்லை. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் தராசைக் கையில் எடுக்காமலே நியாயம் கேட்டாள்.

"ஆட்டம் கத்துக்குடுக்குற வாத்தியாரு சொல்றத அணித் தலைவன் கேக்கணுமா, தலைவன் சொல்றத வாத்தியாரு கேக்கணுமா? மொதல்ல அதச் சொல்லுங்க. அப்புறம் வெலையப் பேசுவோம்."

"அவங்க ரெண்டு பேரும் யாருக்குக் கீழ? அதுல இருக்கு சூட்சுமம்," என்றார் காய் வாங்க வந்தவர்.

"ஆளப் பொறுக்குறது ஒருத்தன், ஆட வெக்கிறது ஒருத்தன்னா வெளங்குமா?" என்றான் சுமை தூக்கிப் போகிற ஒருவன். தலையில் மூட்டை இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

நாவிதர் ஒருவர், தம் கட்சிக்கு எதிராகப் பேசியவரின் மீசையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பாதி மீசைக்காரரும் சளைக்கவில்லை. பொழுது சாயும் வரை அதே மீசையோடு வாதாடினார். எல்லோரும் பேசினார்கள். ஆடுகிறவனை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு அரசருக்குச் சவரம் செய்கிறவர் வழியாக அரண்மனைக்குள் நுழைந்தது. அரசருக்கு அன்றே ஓர் எண்ணம் உதித்தது. மறுநாள் சபையில் சொன்னார்.

"நம் அணியில் யார் யாருக்குக் கீழ் என்பது தெளிவில்லை. தோற்றதற்கு அதுவே காரணம். இனி எவரும் தமக்கு மேலுள்ளவரைக் கேளாமல் எதையும் செய்யலாகாது. அவர் தமக்கு மேலுள்ளவரைக் கேட்கட்டும். இப்படியே கேள்வி எம்மிடம் வந்து சேரட்டும். எம் விடையும் அதே படிகளில் இறங்கட்டும்."

பிரதானி அழகியநம்பிக்கு வாயெல்லாம் பல். படிகள் என்றால் ஒவ்வொரு படியிலும் ஆள் உட்கார வேண்டுமே. அவருக்கோ ஒரு மைத்துனர் இருந்தார், ஒரு மருமகன் இருந்தான், இருவருக்கும் வேலை இல்லை. மைத்துனர் ஆடுகள நாயகம் ஆனார். மருமகன் ஆள்தேர்வு நாயகம் ஆனான். அவன் பல்லக்கில் களத்துக்குப் போய், ஆட்டக்காரர்களின் தொடையைப் பார்க்காமல் ராசியைக் கேட்டுவிட்டு வந்தான்.

"மகாராஜா, இன்னும் ஒன்று," என்றார் பிரதானி. "வாத்தியார் சாத்தையா கிழவராகிவிட்டார். தோல்விக்குப் பொறுப்பேற்று அவர் விலகுவதே முறை."

அதைக் கேட்டதும் விகடகவி கூத்தபிரான் எழுந்து நின்றான்.

கூத்தபிரான் அந்த ஊருக்கு முதன்முதலில் வந்தபோது விகடகவி அல்ல, வெறும் வயிறு. நடக்க முடியாமல் சடுகுடுக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டம் முடித்துத் தன் கம்பங்கூழ்க் கலயத்தை எடுத்த வாத்தியார் சாத்தையா, அதைக் குடிக்காமல் இவன் கையில் கொடுத்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "குடி. குடிச்சிட்டுப் பேசு," என்றார். குடித்துவிட்டுப் பேசினான். ஆட்டக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் சேதி அரண்மனை வரை போய், அவனையும் அங்கே கொண்டு சேர்த்தது. இன்று வெள்ளித்தட்டில் சாப்பிடும்போதும் முதல் கவளத்துக்கு முன் அந்தக் கலயம் அவன் நினைவுக்கு வராமல் போனதில்லை.

"மகாராஜா, வாத்தியார் இல்லாத களம் தூண் இல்லாத பந்தல். அவர் இருக்கட்டும்," என்றான் கூத்தபிரான்.

பிரதானி இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். விகடகவியைக் கண்டாலே அவருக்குக் கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி.

"அப்படியானால் கூத்தபிரான் பிணை நிற்கட்டும். இந்தத் தையில் நம் அணி வெல்ல வேண்டும், மகாராஜாவின் ஆணையும் எள்ளளவும் பிசகக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் வாத்தியாரும் இவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

"சம்மதமா?" என்றார் அரசர்.

"சம்மதம் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். ஆணை களத்திலுள்ள அனைவருக்கும் பொருந்த வேண்டும். தாங்களும் நாயகங்களும் களத்திலேயே வீற்றிருக்க வேண்டும். அடியேன் பிரதானியாருக்குக் கீழ் ஆளாக, தங்கள் தண்ணீர்ச் செம்பைச் சுமந்து நிற்கிறேன்."

விகடகவி தமக்குக் கீழே செம்பு தூக்குவதா? பிரதானி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அன்று மாலையே கூத்தபிரான் களத்துக்குப் போனான். சாத்தையா மண்ணைக் கொத்திப் பதப்படுத்திக்கொண்டிருந்தார்.

"பாடிப் போறவன் 'சடுகுடு'ன்னு ஒரே மூச்சுல பாடணும். நடுவுல வேற வார்த்த வந்தா மூச்சு போச்சு, ஆளும் போச்சு. அவன எப்படிப்பா கேள்வி கேக்கச் சொல்றது? இது அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாது வாத்தியாரே. அவங்க கால்ல இந்த மண்ணு ஒட்டினதில்ல. நாம சொன்னா நம்பவும் மாட்டாங்க. மொத ஆட்டத்துல ஆண என்ன சொல்லுதோ அப்படியே செய்யுங்க. மத்தத எங்கிட்ட விடுங்க."

"தோத்துட்டா நான் எங்கப்பா போவேன்? எனக்குத் தெரிஞ்ச எடம் இந்தக் களம் ஒண்ணுதான்."

ஊரையே பேச்சால் மடக்குகிற கூத்தபிரான், கிழவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மீதி மண்ணைக் கொத்திக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். உள்ளுக்குள் அவனுக்கும் பயம்தான்.

தை வந்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவர் வென்றவர். ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாது. அரசர் உயரமான மேடையில். அவருக்குக் கீழ்ப்படியில் பிரதானி, அதற்குக் கீழே மருமகன், அதற்கும் கீழே மைத்துனர். களத்தின் ஓரத்தில் வாத்தியார், கோட்டருகே அணித் தலைவன்.

நம் பக்கத்திலிருந்து முதலில் பாடிப் போனவன் கருத்தான். கெட்டிக்காரன். எதிரணியின் மூலை ஆளைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கிவிட்டான். தொட்டுத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஆணை இருக்கிறதே. கழுத்தைத் திருப்பி, "தலைவரே, தொடட்டுமா?" என்றான்.

மூச்சு விட்டுப்போனது. அக்கரைக்காரர்கள் அவனைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தார்கள்.

கேள்வி மட்டும் நிற்கவில்லை. தலைவன் வாத்தியாரைக் கேட்டான். வாத்தியார் மைத்துனரைக் கேட்டார். மைத்துனர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மருமகனைக் கேட்டார். மருமகன் மாமனாரைக் கேட்டான். பிரதானி குனிந்து, "மகாராஜா, கருத்தான் தொடலாமா?" என்றார்.

"தொடட்டும்!" என்றார் அரசர்.

விடை படிப்படியாக இறங்கி வந்தது. கருத்தான் வெளியே உட்கார்ந்து காலிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, தொடுவதற்கு அவனுக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்தவனும் கேட்டான், அவனும் போனான். அதற்கடுத்தவன் கேட்பதற்கு வாயைத் திறந்தபோதே இருவர் அவன் காலைப் பிடித்துவிட்டார்கள். "இவங்க ஆட வந்தாங்களா, பொண்ணு கேக்க வந்தாங்களா?" என்றான் அக்கரைக்காரன் ஒருவன். கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாதி மீசைக்காரர், இப்போது மீசை முழுதும் வளர்ந்திருந்தது, அதை அவரே பிடித்து இழுத்துக்கொண்டார். முதல் ஆட்டம் போய்விட்டது.

தூரத்தில் யாரோ வெற்றிலைத் தட்டைத் துடைப்பது அரசர் கண்ணில் பட்டது. மனம் கலங்கினால் எதையாவது மெல்லுவது அவர் பழக்கம். பக்கத்திலிருந்த எள்ளுருண்டையை எடுத்து வாயில் போட்டார். அதோடு சேர்த்து, "என்ன ஆட்டம் இது?" என்று கத்தவும் செய்தார். உருண்டை தொண்டையில் சிக்கி விக்கல் பிடித்துக்கொண்டது.

"விக்!" என்றார் அரசர். செம்பைக் கைகாட்டினார்.

கூத்தபிரான் செம்போடு அரசரிடம் போகவில்லை. பிரதானி முன் போய்ப் பணிவாக நின்றான்.

"பிரதானியாரே, மகாராஜாவுக்கு விக்கல். அடியேன் தங்களுக்குக் கீழுள்ளவன். தண்ணீர் கொடுக்கட்டுமா?"

"கொடும் ஐயா, இதையெல்லாம் கேட்டுக்கொண்டு…"

"தங்களுக்கு மேலுள்ளவரைக் கேளாமல் தாங்கள் உத்தரவிடலாமா? ஆணை எள்ளளவும் பிசகக் கூடாது என்றவர் தாங்களே."

பிரதானிக்கு வேர்த்துவிட்டது. மேலே திரும்பினார். "மகாராஜா, மகாராஜாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?"

"விக்!"

"கொடுக்கலாம் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?"

"விக்! விக்!"

"ஒரு விக் என்றால் ஆம் என்று வைத்துக்கொள்ளலாம்," என்றான் கூத்தபிரான் யோசனையோடு. "இரண்டு என்றால் என்னவென்று ஆணையில் இல்லை."

அரசரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆசனத்திலிருந்து எழுந்து, இரண்டு படி இறங்கி, கூத்தபிரானின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார். விக்கல் நின்றது. கோபம் நிற்கவில்லை.

"கூத்தபிரான், வாய் ஒழியாமல் தவிப்பவனிடம் விடை கேட்டு நிற்பது என்ன நியாயம்?"

"கருத்தானும் இதையேதான் கேட்க நினைத்திருப்பான், மகாராஜா. பாடிப் போகிறவனுக்கு வாய் ஒழியாது. கேட்கத் திறந்தால் மூச்சுப் போய்விடும்."

அரசர் செம்பைப் பார்த்தார். வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த தம் ஆட்டக்காரர்களைப் பார்த்தார். முகத்தில் கோபம் இறங்கி வெட்கம் ஏறியது. நல்ல மனிதர் அவர், கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான்.

"இனி கோட்டைத் தாண்டியவன் எவரையும் கேட்க வேண்டாம். கோட்டுக்கு இப்பால் வாத்தியார் சொல்வதே சொல்," என்றார்.

பிரதானி பழக்க தோஷத்தில் மருமகன் பக்கம் திரும்பினார், அதைக் கீழே அனுப்ப.

"நீர் அமரும்," என்ற அரசர், மேடை விளிம்பில் நின்று தாமே உரக்கக் கூவிச் சொன்னார்.

பிறகு நடந்தது ஆட்டம். சாத்தையா கருத்தானைப் பக்கத்தில் அழைத்து, "எடது மூல ஆளு முட்டிய மடக்குறான், பாத்துக்க," என்று மட்டும் சொன்னார். இரண்டாம் ஆட்டம் நம் பக்கம். மூன்றாவதில் இரு பக்கமும் ஆள் குறைந்து, கடைசியில் கருத்தான் பாடிப் போனான். தொட்டான். திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துச் சாய்த்துவிட்டார்கள். முகம் மண்ணில், மேலே இரண்டு ஆள் பாரம், வாயில் மட்டும் சடுகுடு சடுகுடு என்று நூல் போல் மெலிந்த மூச்சு. கருத்தான் புழு மாதிரி ஊர்ந்து, நடு விரலை நீட்டிக் கோட்டைத் தொட்ட பிறகே மூச்சை விட்டான்.

ஆற்றங்கரை அதிர்ந்தது. கூத்தபிரான் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிரதானி விடவில்லை. "மகாராஜா, வெற்றி சரி. ஆணை பிசகிவிட்டதே. பிணையின்படி…"

"எங்கே பிசகியது?" என்றான் கூத்தபிரான். "மேலுள்ள மகாராஜா சொன்னார், கீழுள்ளவர்கள் செய்தார்கள். இந்தக் களத்தில் கேளாமல் ஒரு காரியம் செய்தவர் ஒருவரே. செம்பைப் பிடுங்கித் தண்ணீர் குடித்தவர். அவரை நாடு கடத்த வேண்டுமென்றால் பிரதானியார் இப்போதே உத்தரவிடட்டும்."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். மறுபடி விக்கல் வந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச் சிரித்தார். பிரதானியும் வேறு வழியின்றிச் சிரித்துவைத்தார்.

"கூத்தபிரான், எமக்குப் புத்தியும் வெற்றியும் தந்தாய். என்ன வேண்டும், கேள்."

"மகாராஜா, வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முன்பு ஒரு நாள், ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குத் தம் கூழைக் கொடுத்தாரே, யாரைக் கேட்டுக் கொடுத்தார் என்று."

அரசர் கேட்டார். சாத்தையா தலையைச் சொறிந்தார்.

"எவனுக்குன்னு ஞாபகமில்லயே மகாராசா. எத்தனயோ பேரு வருவாங்க. பசிச்சு வந்தவனுக்குக் கூழு குடுக்க யாரக் கேக்கணும்?"

"கொடுத்தவருக்கு மறந்துவிட்டது," என்றான் கூத்தபிரான். "குடித்தவன் மறக்க முடியுமா, மகாராஜா? வாத்தியாரே, அன்னிக்கு நீங்க மேல யாரையாவது கேட்டுட்டு வந்திருந்தா, நான் இருந்திருக்க மாட்டேன்."

சாத்தையா அவனை உற்றுப் பார்த்தார். "அட, நீயா அது?" என்று அவன் தோளில் கை வைத்தார்.

அரசர் தம் தங்கக் கடகத்தைக் கழற்றிக் கூத்தபிரானின் கையில் பூட்டினார். பிறகு அந்த வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். அக்கரை அரசர் எழுந்தார், வழக்கப்படி ஏந்த வேண்டியவர் அவரல்லவா. உத்தமசீலர் அவரைக் கையமர்த்தினார். "முதல் வெற்றிலையை மட்டும் நான் தருகிறேன்," என்று, யாரையும் கேட்காமல் படிகளில் இறங்கிக் களத்து மண்ணில் கால் வைத்தார். சாத்தையாவின் முன் தட்டை நீட்டினார்.

"எடுத்துக்கொள்ளும் வாத்தியாரே. பாக்குப் போதுமா?"