ஓர் ஆள் குனியும் இடம்

இறுகிய சங்கிலி சத்தம் போடாது. தளர்ந்த சங்கிலிதான் பேசும்.

ஐம்பது வருடங்களுக்கு முன், ஒரு கடற்படைக் கப்பலின் வயிற்றுக்குள், அந்தப் பேச்சை ஒரு பகல் முழுக்கக் கேட்டேன். கப்பல் இடப்பக்கம் சாயும்போது ‘கிளிங்’. நிமிரும்போது ஒன்றும் இல்லை. மறுபடி சாயும்போது ‘கிளிங்’. இன்றும் காற்று நாளில் எங்கள் வாசல் கேட்டின் கொண்டி ஆடினால், படிக்கிற வரியில் விரலை வைத்தபடி நிறுத்திவிடுகிறேன்.

அந்தக் கப்பலுக்குத் துறைமுகம் வேண்டாம். கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்து மணலில் மூக்கை வைக்கும். முன்பக்கக் கதவுகள் விரியும். ஒரு இரும்புப் பலகை கரைக்கு இறங்கும். வண்டிகள் அதன்மேல் ஓடிக் கரை சேரும். கடல் வற்றுவதற்குள் கப்பல் பின்வாங்கிவிட வேண்டும். தவறினால், அடுத்த ஏற்றம்வரை மணலில் கிடக்க வேண்டியதுதான்.

புயல் தாழைத்தீவின் கிணறுகளையெல்லாம் உப்பாக்கியிருந்தது. சென்னையிலிருந்து நாங்கள் இரண்டு தண்ணீர் லாரிகளைக் கொண்டுபோனோம். ஒன்று தீவின் மருத்துவமனைக்கு. மற்றது, பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த ஆயிரத்து இருநூறு பேருக்கு. கூடவே ஒரு புல்டோசர், ஒரு ஆம்புலன்ஸ், எட்டு சரக்கு லாரிகள். மருந்துப் பெட்டிகளோடு போன மூன்று செவிலியரில் நானும் ஒருத்தி.

வண்டிகளுக்குப் பொறுப்பு, தரைப்படையின் மேஜர் ராயப்பன். பாளையங்கோட்டைக்காரர். நாற்பத்தாறு வயது, பருத்த உடம்பு. வண்டிகளின் பட்டியலை இடது கையால், முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார்.

அவற்றைக் கப்பலுக்குள் நிறுத்திக் கட்டும் பொறுப்பு மீரானுக்கு. கீழக்கரைக்காரர். கடற்படையில் சின்ன அதிகாரி. மேஜரைவிடப் பதினாறு வயது இளையவர்.

முதல் தண்ணீர் லாரி பலகையில் சக்கரத்தை வைத்ததும் மீரான் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சார், இதைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க.”

“ஏன்? தண்ணிதான் முதல் தேவை. பட்டியலைப் பாரு.”

“பட்டியல் சரிதான் சார். ஆனா இந்தக் கப்பலுக்கு ஒரே வாய். முதல்ல உள்ள போனது கடைசியிலதான் வெளிய வரும்.”

மேஜர் பட்டியலைப் பார்த்தார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

“இப்ப சரியா?”

“இப்ப சரி சார்.”

“இருபத்து மூணு வருஷம் சர்வீஸ். ஒரு தாளை எப்படிப் பிடிக்கிறதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இனிமே நீதான் எனக்கு வாத்தியார்.”

“மாணவனுக்கு சல்யூட் அடிக்கிற வாத்தியார் உண்டா சார்?”

“நம்ம சர்க்கார்ல எல்லாம் உண்டு.”

அதிலிருந்து மேஜர் அவரை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிட்டார். கேலியாகத் தொடங்கியது, மதியத்துக்குள் கேலி குறைந்துவிட்டது. ஒரு வண்டிக்கு எத்தனை சங்கிலி, எந்தக் கோணத்தில் இழுக்க வேண்டும், சங்கிலியின் நடுவிலுள்ள திருகை எவ்வளவு முறுக்கினால் போதும், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். சட்டையில் கிரீஸ் பட்டதைக் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு வண்டியும் நின்றபின் மீரான் ஒன்று செய்தார். அந்த வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே போய் நிற்பார். குனிவார். குந்துவார். குந்தியபடியே ஒரு சுற்றுத் திரும்புவார். தோள் எதிலும் படாவிட்டால் சாக்பீஸால் தரையில் கோடு போடுவார்.

“என்ன வாத்தியாரே, நடுவுல டான்ஸு?”

“அளவு எடுக்கிறேன் சார்.”

“டேப் இல்லையா?”

“இருக்கு சார். டேப் குனியாது.”

மேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இரும்புச் சுவர்களில் மோதிக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மாலை நான்கு மணிக்கு எல்லா வண்டிகளும் ஏறியாயிற்று. கடைசியாக இரண்டு தண்ணீர் லாரிகளும், ஒன்றன்பின் ஒன்றாக, வாய்க்கு அருகே நின்றன. மற்ற அறைகளெல்லாம் கூடாரங்களாலும் போர்வைகளாலும் நிறைந்திருந்தன. கரையில் முந்நூறு மூட்டை அரிசி மிஞ்சியது.

தெருத் தெருவாகக் கேட்டுச் சேர்த்த அரிசி. ஒரே மாதிரி சாக்கு இல்லை. சில மூட்டைகளின் வாயைப் பழைய புடவைக் கரையால் கட்டியிருந்தார்கள். மேஜர் அவற்றைப் பார்த்தார். திரும்பி, வண்டிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடங்களைப் பார்த்தார். மறுபடி மூட்டைகளைப் பார்த்தார்.

“மீரான்.”

‘வாத்தியாரே’ என்று கூப்பிடவில்லை.

“சார்.”

“அங்க நாலு நாளா பட்டினி. இங்க இவ்வளவு இடம் சும்மா கிடக்கு.”

“சும்மா இல்ல சார்.”

“என்ன இருக்கு அதுல?”

கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார்.

“இது கேள்வியா சார், உத்தரவா? கேள்வின்னா பதில் இருக்கு. உத்தரவுன்னா ஏத்திடறேன்.”

கப்பலின் கேப்டன் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். மேஜர் மணி பார்த்தார்.

“உத்தரவு.”

“சரி சார்.”

மீரான் சல்யூட் அடித்தார். அதில் கோபம் தெரியவில்லை.

மூட்டைகள் இடைவெளிகளுக்குள் இறங்கின. மேலே நின்று காலால் மிதித்து இறக்கினார்கள். சாக்பீஸ் கோடுகள் மறைந்தன. வாயருகே நின்ற முதல் தண்ணீர் லாரியின் பக்கம் வந்தபோது மட்டும் மீரான் குறுக்கே நின்றார்.

“இந்த ஒரு வண்டியைச் சுத்தி மட்டும் வேண்டாம் சார்.”

“ஏன்?”

“நான் உட்கார இடம் வேணும்.”

“கப்பல்ல உனக்குக் கட்டில் தரலையா?”

“தந்திருக்காங்க சார்.”

“சரி, விடு. பத்து மூட்டையை மேல என் அறையில போடு.”

முதல் நாள் கடல் பேசாமல் இருந்தது. இரண்டாம் நாள் காலையிலிருந்து அலை பெருத்தது. மருந்துப் பெட்டிகள் நகர்ந்திருக்குமோ என்று பார்க்கக் கீழே இறங்கினேன். முதல் தண்ணீர் லாரிக்கும் கப்பலின் சுவருக்கும் நடுவே, அந்த இடத்தில், மீரான் குந்தியிருந்தார். கையில் தேநீர் டம்ளர். ஆறிப்போயிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேஜர் வந்தார். அங்கே ஒருவருக்குத்தான் இடம். அவர் நின்றார்.

“என்ன பண்றே?”

“கேளுங்க சார்.”

கப்பல் சாய்ந்தது. ‘கிளிங்’.

“சங்கிலி.”

“ரெண்டாவது தண்ணி லாரி சார். இடப்பக்கம், பின் சக்கரம். திருகு தளர்ந்திருக்கு.”

“அப்ப இறுக்கு.”

மீரான் டம்ளரைக் கீழே வைத்தார். மூட்டைகளுக்கு இடையே கையை நுழைத்தார். முழங்கை மறைந்தது. தோள்வரை மறைந்தது. கன்னத்தைச் சாக்கில் அழுத்தியபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் நாலு அரிசி ஒட்டியிருந்தது.

“மூட்டையை எடுக்கச் சொல்றேன்.”

“எடுத்தா வைக்க இடம் இல்ல சார். இந்த ஆட்டத்துல ஒண்ணு உருண்டா ஆள் மேலதான் விழும்.”

“அப்ப இப்ப என்ன செய்யலாம்?”

“கேட்டுக்கிட்டு இருக்கலாம்.”

மேஜர் போகவில்லை. லாரியின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிற்பகலில் நான் மறுபடி இறங்கியபோதும் அப்படியே நின்றிருந்தார். சங்கிலி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கப்பல் மணலில் ஏறியது. வயிறு தரையில் உரசும் அந்த நீண்ட முனகல் பாதங்கள் வழியே ஏறிப் பற்களில் முடிந்தது. கதவுகள் திறந்தன. வெளிச்சம் முழுசாக உள்ளே விழுந்தது. கரையில் குடங்களோடு ஒரு கூட்டம்.

ஒன்றேகால் மணி நேரம்தான், அதற்குமேல் நிற்க முடியாது என்று கேப்டன் சொல்லியனுப்பினார்.

மீரான் முதல் லாரியைச் சுற்றி நான்கு தடவை குனிந்தார். நான்கு சங்கிலிகள் விழுந்தன. ஐந்து நிமிடத்தில் அந்த லாரி மணலில் இருந்தது.

இரண்டாவது லாரியைச் சுற்றி நாற்பது மூட்டைகள். ஒரு நாள் ஆட்டத்தில் அவை ஒன்றையொன்று கவ்விச் சுவர்போல் ஆகியிருந்தன. ஓட்டுநர் ஏறுவதற்குக் கதவைத் திறக்கக்கூட வழியில்லை. சிப்பாய்கள் வரிசையாக நின்று இழுத்தார்கள். ஒரு மூட்டையை எடுக்கப் போனால் பக்கத்து மூட்டை கிழிந்தது. அரிசி இரும்புத் தரையெங்கும் மழைபோல் இறங்கி ஓடியது. மேஜரும் தோளில் சுமந்தார்.

“இன்னும் முப்பது நிமிஷம்” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு “இருபது.” கடல் பலகையின் நுனியிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது.

மூன்று சங்கிலிகள் அவிழ்ந்தன. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். நான்காவது, சுவரோரம். இடப்பக்கம் தளர்ந்ததால் லாரி நகர்ந்து, இந்த வலப்பக்கச் சங்கிலி முழுப் பாரத்தையும் வாங்கிக் கம்பிபோல் விறைத்திருந்தது. அங்கே இன்னும் ஐந்தாறு மூட்டைகள் கிடந்தன. பக்கவாட்டில் ஒருவர் நுழையலாம். குந்த முடியாது.

மீரான் சட்டைக் கையை மடக்கினார். மேஜர் அவர் மார்பில் கையை வைத்துத் தடுத்தார்.

“இது என் மூட்டை.”

“சார், நான் ஒல்லி.”

“விலகு வாத்தியாரே.”

அவர் உடம்பை எப்படியோ அதற்குள் செருகிக்கொண்டார்.

“சக்கரத்துக்கு அடியில கட்டை இருக்கா பாருங்க சார், முதல்ல” என்றார் மீரான்.

“குனிய முடியல. தெரியல.”

“அப்ப தொடாதீங்க.”

“பத்து நிமிஷம்” என்றது மேல் குரல்.

திருகு சுற்றும் சத்தம் கேட்டது. கட்டை அங்கே இல்லை. மூட்டைகளை இழுத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. மூக்கு மணலில் ஏறியிருந்ததால் தளம் பின்பக்கம் சற்றுச் சரிந்திருந்தது. சங்கிலி விடுபட்டதும் லாரி ஒரு சாண் பின்னால் வந்து நின்றது. ஒரு சாண்தான். ஓட்டுநர் அதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டார்.

மேஜர் கத்தவில்லை. “லாரியை முன்னால எடு” என்று மட்டும் சொன்னார், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

லாரி முன்னால் நகர்ந்தது. நகர்ந்தது நிற்காமல், சிந்திய அரிசியைச் சக்கரங்கள் நொறுக்க, பலகையில் இறங்கி மணலைத் தொட்டது. அந்த நொறுங்கும் சத்தத்தினூடே அவர் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கப்பல் பின்வாங்கியது. புல்டோசரும் எட்டு லாரிகளும் ஆம்புலன்ஸும் அதற்குள்ளேயே இருந்தன. அடுத்த ஏற்றத்துக்குத்தான் அவை வர முடியும். மேஜரை எங்களோடு கரையில் விட்டார்கள். துணைக்கு மீரானும் இறங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் தீவின் டாக்டர் மேஜரின் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்தார். நான் கட்டுப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே, இரண்டாவது லாரியின் குழாயடியில் வரிசை நின்றிருந்தது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம், முதலில் தகரம்போல் அதிர்ந்து, நிறைய நிறைய மெலிந்தது.

மீரான் கதவோரம் நின்றிருந்தார். மேஜர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

“வாத்தியாரே.”

“சார்.”

“அன்னைக்கு நான் உத்தரவுன்னு சொன்னேன்.”

“ஆமா சார்.”

“கேள்வின்னு சொல்லியிருந்தா? பதில் இருக்குன்னியே. என்ன சொல்லியிருப்பே?”

மீரான் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு பெண் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்காக வளைந்துகொண்டிருந்தாள். அவள் நிமிரும்வரை அவர் காத்திருந்தார்.

“ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் சார். அந்த இடத்துல கொஞ்சம் குனிஞ்சு பாருங்கன்னு கேட்டிருப்பேன்.”



அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு மேஜரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. கோணல் எழுத்து. வலது கையால் எழுதியிருந்தார்.